மகள் கல்லூரி சாக்கர் ஆடப் போகிறாளா? மே மாதமே தொடங்க வேண்டிய வேலைகள்

மூன்று வருடங்களுக்கு முன் ஆகஸ்ட் முதல் வாரம். மகளைக் கல்லூரி விடுதியில் இறக்கிவிட்டு, ஆறு மணி நேரம் காரோட்டி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றுவதற்குள் போன் வந்தது. "அம்மா, என்னை கிரவுண்டில் இறங்கவே விடலை. பேப்பர் சரியில்லையாம்." மற்ற பெண்கள் ஓடுவதை ஓரத்தில் நின்று மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் அனுமதி கிடைத்தது. அன்றே ஃபிட்னஸ் டெஸ்ட். பத்து ஓட்டத்தில் எட்டாவதில் கால் நின்றுவிட்டது. பள்ளியிலும் கிளப்பிலும் எட்டு வருடம் ஆடியவள், கோடை முழுவதும் ஒரு நாள் தவறாமல் ஓடியவள். அவள் உழைப்பில் குறையில்லை. எதற்கு உழைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அமெரிக்காவில் கல்லூரியின் பெண்கள் அணியில் சாக்கர், அதாவது கால்பந்து, ஆடப் போகும் மாணவிக்கும், அவளை அனுப்பும் வீட்டுக்கும் இதை எழுதுகிறேன். இடம் கிடைப்பது, ஸ்காலர்ஷிப், கோச்சுக்கு ஈமெயில் எழுதுவதெல்லாம் வேறு கதை. இடம் கிடைத்த பிறகு அந்த உடம்பு என்ன தாங்க வேண்டும், அதற்கு எந்த மாதம் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பது மட்டும்தான் இங்கே.

1. உடம்பிடம் என்ன கேட்கப் போகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

உயர்நிலைப் பள்ளி ஆட்டம் பெரும்பாலும் 80 நிமிடம். கல்லூரியில் 90. பத்து நிமிடம்தானே கூடுதல் என்று நாங்களும் நினைத்தோம். வித்தியாசம் அந்தப் பத்து நிமிடத்தில் இல்லை.

இந்த அளவில் ஆடும் பெண்கள், முழு ஆட்டமும் ஆடினால், சுமார் 9 முதல் 10 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். நடுக்களத்தில் ஆடுபவர்கள் பொதுவாக இன்னும் கொஞ்சம் அதிகம். ஆனால் அது சீராக ஓடும் பத்து கிலோமீட்டர் அல்ல. நடை, மெல்லோட்டம், திடீர்ப் பாய்ச்சல், சடக்கென்று நிற்பது, திரும்புவது, எம்பித் தலையால் முட்டுவது, விழுந்து எழுவது. இதயம் ஆட்டத்தின் பெரும்பகுதி தன் உச்சத் துடிப்பில் 85 சதவீதத்தை ஒட்டியே அடித்துக்கொண்டிருக்கும். எதிரே நிற்பவள் 22 வயதுப் பெண்ணாக இருப்பாள். நான்கு வருடம் எடை தூக்கிய தோளால் இடிப்பாள்.

ஆட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளி இன்னொரு சுமை. சீசன் ஆகஸ்ட் நடுவில் தொடங்கி நவம்பர் வரை போகும். கல்லூரி அணிகளின் மூன்று படிநிலைகளில் மேலே உள்ள டிவிஷன் 1-இல் ஏறக்குறைய 18 முதல் 20 ஆட்டங்கள் இந்த மூன்று மாதத்துக்குள் அடைக்கப்படும். வியாழன் இரவு ஒன்று, ஞாயிறு மதியம் ஒன்று என்பதுதான் பல அணிகளின் வழக்கம். நடுவே பஸ் பயணம், வெள்ளிக்கிழமை வகுப்பு. வியாழக்கிழமை வலி முழுசாகப் போவதற்குள் ஞாயிறு வந்து நிற்கும்.

ஆள் மாற்றும் விதியையும் தெரிந்து வையுங்கள். முதல் பாதியில் வெளியே எடுக்கப்பட்டவள் அந்தப் பாதியில் மறுபடி உள்ளே வர முடியாது. இரண்டாம் பாதியில் ஒரு முறை திரும்பி வரலாம். கிளப் ஆட்டத்தில் போல மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட்டு ஐந்து நிமிடத்தில் ஓடிவர இங்கே வழியில்லை. 2022 முதல் வழக்கமான சீசன் ஆட்டங்களில் கூடுதல் நேரம் கிடையாது, சமன் என்றால் சமன்தான். அந்த மட்டில் உடம்புக்கு நல்லது.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., டிவிஷன் 1, 2 அணிகளின் பயிற்சி நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. இதைப் படித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரம்தான். பஸ்ஸில் போகும் நேரம் சேராது. ஐஸ் தொட்டி, காலுக்குக் கட்டுப் போடுவது, காயத்துக்கான சிகிச்சை எதுவும் சேராது. வகுப்புகள் தொடங்கும் முன் நடக்கும் ப்ரீசீசனுக்கு இந்த 20 மணி வரம்பே கிடையாது. அந்த இரண்டு வாரம்தான் இருப்பதிலேயே கடினமானது. உங்கள் மகள் முதலில் சந்திக்கப் போவதும் அதைத்தான்.

2. மே மாதம்: காகிதங்கள்

கல்லூரியின் விளையாட்டு மருத்துவப் பிரிவிலிருந்து மே அல்லது ஜூனில் ஒரு இணைப்பு வரும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதில் கேட்பவை பெரும்பாலும் இவை:

- மருத்துவரின் உடல் தகுதிச் சான்று, அதாவது ஸ்போர்ட்ஸ் ஃபிசிகல்
- சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணுவில் பரம்பரையாக வரும் ஒரு கூறு) பரிசோதனை முடிவு
- தடுப்பூசிப் பதிவு
- இன்ஷூரன்ஸ் அட்டையின் இரண்டு பக்கமும்
- பழைய காயம், அறுவை சிகிச்சை இருந்தால் எம்.ஆர்.ஐ. அறிக்கையும் மருத்துவர் குறிப்பும்
- சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், சீட்டுகளுடன்
- தலையடி, ஊக்கமருந்துச் சோதனை ஆகியவற்றுக்கான ஒப்புதல் கையெழுத்துகள். மகளுக்கு 18 ஆகவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்

முதல் பொறி தேதி. உடல் தகுதிச் சான்று, அவள் பயிற்சியில் இறங்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நாங்கள் ஜனவரி 20-ஆம் தேதி பள்ளிக்காக எடுத்ததை அப்படியே அனுப்பினோம். ஆகஸ்ட் 2-க்கு அது காலாவதி. ஜூனில் எடுங்கள். முன்னதாகவும் வேண்டாம், ஜூலை கடைசி வரை தள்ளவும் வேண்டாம். சில கல்லூரிகள் தங்கள் படிவத்தில்தான் மருத்துவர் எழுத வேண்டும் என்பார்கள். அதை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். வருடாந்தரப் பரிசோதனையோடு சேர்த்தால் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். தனியாகப் போனால் 30 முதல் 80 டாலர் வரை கையிலிருந்து போகும்.

இரண்டாவது பொறி நம்மைப் போன்ற குடும்பங்களுக்கென்றே இருப்பது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே சிக்கிள் செல் சோதனை செய்துவிடுகிறார்கள். பிறந்த மாநிலத்தில் எழுதிக் கேட்டால் முடிவு கிடைக்கும். எங்கள் மகள் சென்னையில் பிறந்து நான்கு வயதில் இங்கே வந்தவள். அவளுக்கு அப்படி ஒரு பதிவே இல்லை. ப்ரீசீசன் முதல் நாள் ரத்தம் கொடுத்து, முடிவு வர மூன்று நாளானது. இந்தியாவில் பிறந்த பெண்ணென்றால் ஜூன் ஃபிசிகலின்போதே இந்தச் சோதனையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கூறு உள்ளவர்கள் வெயிலில் இடைவிடாத கடும் ஓட்டத்தில் மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. இருந்தால் ஆடத் தடையில்லை. பயிற்சியை ஏற்றும் வேகத்தை மாற்றுவார்கள்.

மூன்றாவது, கவனக்குறைவுக்கான ஏ.டி.எச்.டி. மருந்து. அதில் பல வகைகள் தடை செய்யப்பட்ட ஊக்கிகளின் பட்டியலில் வருகின்றன. மருந்துச் சீட்டு மட்டும் போதாது, நோயறிதல் எப்படிச் செய்தார்கள் என்ற முழு அறிக்கை கல்லூரியின் கோப்பில் இருக்க வேண்டும். புரதப் பொடி, சத்து மாத்திரை, ஊரிலிருந்து வரும் லேகியம், சூரணம் எல்லாமே இந்தக் கணக்கில் ஊட்டப் பொருள், அதாவது சப்ளிமென்ட்தான். "இயற்கையானது" என்று டப்பாவில் எழுதியிருப்பது சோதனையில் காப்பாற்றாது. எதையும் வாயில் போடும் முன், அணியில் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னரிடம் காட்டச் சொல்லுங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் 'என்.எஸ்.எஃப். சர்ட்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' முத்திரை உள்ளதை வாங்குங்கள்.

பதினெட்டு வயது முடிந்துவிட்டால், அவள் கையெழுத்து இல்லாமல் மருத்துவமனை உங்களிடம் எதுவும் சொல்லாமல் போகலாம். மருத்துவத் தகவல் தர ஒப்புதல் படிவமும், அவசரத்தில் முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரமும் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். நோட்டரி பல வங்கிகளில் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு இலவசம்.

3. இன்ஷூரன்ஸ்: பணம் போவது இங்கேதான்

26 வயது வரை அவள் உங்கள் திட்டத்திலேயே இருக்கலாம். ஆனால் அந்தத் திட்டம் அவள் போகும் ஊரில் செல்லுமா? குறிப்பிட்ட மருத்துவர்களிடம் மட்டுமே போகவிடும் எச்.எம்.ஓ. வகைத் திட்டங்கள் பல, வெளியூரில் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் பணம் தரும். முட்டி ஸ்கேனும், ஆறு மாத பிசியோதெரபியும் அவசரத்தில் வராது. உங்கள் நிறுவனத்துக்குப் போன் போட்டு, கல்லூரியின் அஞ்சல் எண்ணைச் சொல்லி, இரண்டு கேள்வி கேளுங்கள்: அங்கே எலும்பு மருத்துவரும் பிசியோவும் நெட்வொர்க்கில் இருக்கிறார்களா? கல்லூரி அணிகளுக்கிடையிலான போட்டிக் காயத்துக்கு விலக்கு ஏதும் இருக்கிறதா?

எஃப்-1 விசாவில் வரும் மாணவிகள் இரண்டாவது கேள்வியை விட்டுவிடவே கூடாது. கல்லூரி விற்கும் மாணவர் இன்ஷூரன்ஸ் சிலவற்றில் போட்டி விளையாட்டுக் காயம் சேராது, அல்லது சிறிய தொகையோடு நின்றுவிடும்.

கல்லூரியின் இன்ஷூரன்ஸ் வழக்கமாக இரண்டாவதாகத்தான் வரும். முதலில் உங்கள் திட்டம் கட்ட வேண்டும், மிச்சத்தை அது கட்டும். மிகப் பெரிய காயங்களுக்கென்று என்.சி.ஏ.ஏ. வைத்திருக்கும் காப்பீடு, செலவு 90,000 டாலர் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது. அது வரைக்குமான செலவை யார் சுமப்பது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரி இல்லை.

நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். நவம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், கணுக்கால் வலிக்கிறது என்றாள். பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். பெற்றவர்கள் வேறு என்ன செய்வார்கள்? டிரெய்னர் அனுப்பாமல் போன சிகிச்சை என்று கல்லூரி கட்ட மறுத்துவிட்டது. 1,400 டாலர் எங்கள் தலையில். ஒரு போன் பண்ணி, அவர் ஒரு வரி எழுதியிருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. வலி சின்னதோ பெரிதோ, உயிர் ஆபத்து இல்லாத எதற்கும் முதலில் டிரெய்னரிடம் பதிவு, பிறகு மருத்துவர். பில் வந்தால், உங்கள் திட்டம் எவ்வளவு கட்டியது என்று காட்டும் விளக்கத் தாளோடு சேர்த்து உடனே அனுப்புங்கள். எங்களுக்குக் கெடு 90 நாள்.

4. ஜூனிலேயே ரத்தம்: ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள்

ஃபிசிகலுக்குப் போகும்போது மருத்துவரிடம் நீங்களாகக் கேட்க வேண்டியது ஃபெரிட்டின். உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்புச் சத்தின் அளவு அது. வழக்கமாக ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து "நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். முதல் சீசன் முழுக்க "படிக்கட்டு ஏறினாலே கால் கனக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் மகள். ஹீமோகுளோபின் 12.4, நார்மல். டிசம்பரில் ஃபெரிட்டின் பார்த்தால் 11. சேமிப்பு காலி.

மாதவிடாயில் போகும் ரத்தம், வியர்வை, இடைவிடாத ஓட்டம் எல்லாம் சேர்ந்து விளையாடும் பெண்களுக்கு இரும்பைக் குறைக்கின்றன. சைவக் குடும்பமென்றால் இன்னும் கவனம் தேவை, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு அவ்வளவு எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அவற்றோடு எலுமிச்சையோ ஆரஞ்சோ சேர்த்தால் கூடுதலாக உள்ளே போகும். காப்பியும் டீயும் சேர்ந்தால் குறையும். மாத்திரை தேவைப்பட்டால் எவ்வளவு, தினமுமா ஒருநாள் விட்டு ஒருநாளா என்பதை மருத்துவர் சொல்வார். சோதிக்காமல் நீங்களாகத் தொடங்காதீர்கள், அதிகமானாலும் கேடு. குறைந்த சேமிப்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும், அதனால்தான் ஜூன் என்கிறேன். ஆகஸ்டில் கண்டுபிடித்தால் அந்தச் சீசனுக்கு உதவாது.

5. ஜூன், ஜூலை: எந்த ஓட்டம் ஓடுவது

எங்கள் பெரிய தவறு இதில்தான். மகள் கோடை முழுவதும் தினமும் 5 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓடினாள். ஜிம்மில், ஏசியில், டிரெட்மில்லில். கல்லூரி வைத்த சோதனை வேறு.

கோச் அனுப்பும் கோடைத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் என்ன சோதனை என்று எழுதியிருக்கும். அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

பீப் டெஸ்ட்: 20 மீட்டர் தூரத்தில் இரண்டு கோடு, ஒலி வரும்போது மறு கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி நிமிடத்துக்கு அரை கிலோமீட்டர் ஏறும். யோ-யோ டெஸ்ட்: அதே 20 மீட்டர், ஆனால் போய் வந்ததும் 10 விநாடி இளைப்பாறல். ஆட்டத்தின் தன்மைக்கு இது இன்னும் நெருக்கம். 'ஒன் ட்வென்ட்டீஸ்': ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடு வரை 120 கஜம், சுமார் 110 மீட்டர். மகளின் அணியில் 18 விநாடியில் போக வேண்டும், 30 விநாடியில் திரும்ப வேண்டும், 30 விநாடி ஓய்வு. இப்படிப் பத்து. நேரம் கோச்சுக்குக் கோச் மாறும்.

முதல் மூன்று ஓட்டத்தை எந்தப் பெண்ணும் ஓடிவிடுவாள். ஆறாவதில் 30 விநாடி ஓய்வு பத்து விநாடி போலத் தெரியும். எட்டாவதில் தொடை கல்லாகிவிடும். இதைத் தாங்கப் பழக்க வேண்டியது இதயத்தை மட்டுமல்ல, பாய்ந்து நின்று திரும்பும் தசைகளையும்தான்.

இரண்டாம் வருடம் நாங்கள் செய்தது இது. மே கடைசி இரண்டு வாரம், வாரம் மூன்று நாள் 25 நிமிட மெல்லோட்டம். ஜூனில், வாரம் இரண்டு நாள் நான்கு நிமிடக் கடும் ஓட்டம், மூன்று நிமிட நடை, இப்படி நான்கு முறை. கடும் ஓட்டம் என்றால் பேச்சு வராத அளவு. ஜூலையில் அதை விட்டுவிட்டு 120 கஜ ஓட்டம்: முதல் வாரம் நான்கு, அடுத்து ஆறு, அடுத்து எட்டு, பிறகு பத்து. இரண்டு கடும் நாட்களுக்கு நடுவே 48 மணி நேரமாவது இடைவெளி. மற்ற நாட்களில் பந்தோடு ஆட்டம். கிளம்பும் முன் கடைசி ஐந்து நாள் சுமையைப் பாதியாகக் குறைத்தோம். இந்தக் கடைசி வாரத்தில்தான் பயத்தில் பலர் அளவுக்கு மீறி ஓடி, பின்தொடைத் தசையை இழுத்துக்கொண்டு முதல் நாளே நொண்டிக்கொண்டு போகிறார்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எங்களை ஏமாற்றியது. முதல் வருடம் பள்ளி மைதானத்தில் 20 மீட்டரைக் காலடியால் எட்டு வைத்து அளந்தோம். வீட்டில் பீப் டெஸ்டில் அருமையாகத் தேறினாள். அடுத்த வருடம் அதே இடத்தில் மீட்டர் டேப்பை விரித்துப் பார்த்தால் பதினெட்டரை மீட்டர்தான் இருந்தது. பதினைந்து டாலர் கொடுத்து நீள டேப் ஒன்று வாங்குங்கள். கோனை டேப்பின் முனையில் வையுங்கள்.

ஓடும் தரையும் முக்கியம். கல்லூரி மைதானம் புல்லா, செயற்கை டர்ஃபா என்று கேளுங்கள். டர்ஃப் என்றால் கோடையில் பாதி ஓட்டமாவது டர்ஃபில் இருக்கட்டும்.

6. முட்டியைக் காப்பாற்றும் இருபது நிமிடம்

ஏசிஎல் என்று சொல்லும் முட்டி ஜவ்வு, சாக்கர் ஆடும் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகக் கிழிகிறது. பெரும்பாலும் யாரும் இடிக்காமலே கிழிகிறது. குதித்து இறங்கும்போது, திடீரென்று நிற்கும்போது, காலை ஊன்றித் திரும்பும்போது. கிழிந்தால் அறுவை சிகிச்சை, குறைந்தது ஒன்பது மாதம், பலருக்கு ஒரு வருடம். ஒரு சீசன் முழுசாகப் போய்விடும்.

வீட்டில் ஒரு சோதனை செய்தோம். மாடிப்படியின் இரண்டாவது படியிலிருந்து இரண்டு காலாலும் குதித்து இறங்கச் சொல்லி, முன்னாலிருந்து போனில் மெதுவாக ஓடும்படி படம் எடுத்தோம். பாதம் தரையைத் தொட்ட அடுத்த கணம் வலது முட்டி உள்பக்கமாக மடிந்து இடது முட்டியை நோக்கிப் போனது. நேரில் பார்த்தபோது கண்ணுக்கே படவில்லை. படத்தில் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முட்டி பாத விரல்களுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பிசியோவிடம் இரண்டு முறை போனோம், நாங்கள் கட்ட வேண்டிய பங்கு (கோபே) முறைக்கு 40 டாலர். அவர் சொன்னதெல்லாம் நிதானமாகச் செய்யக்கூடிய எளிய பயிற்சிகள்.

ஃபிஃபாவின் '11+' என்ற தயாரிப்புப் பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று பகுதி, 15 பயிற்சி, இருபது நிமிடம். வாரம் இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயம் கணிசமாகக் குறைகிறது. ஒழுங்காக என்பதுதான் விஷயம், வேகமாக முடித்துவிட்டு ஓடினால் பலனில்லை. அதில் ஒன்று, முட்டி போட்டு நிமிர்ந்து நின்று, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் 'நார்டிக்' பயிற்சி, பின்தொடைக்கு. எடை தூக்குவது வாரம் இரண்டு மூன்று நாள். பெண் பிள்ளை எடை தூக்கினால் உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அவளைத் தூக்க விடுங்கள். அந்தத் தொடைத் தசைதான் முட்டிக்குக் காவல்.

7. சாப்பாடும் மாதவிடாயும்

வாரம் இரண்டு ஆட்டம் இருக்கும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6 முதல் 8 கிராம் மாவுச்சத்து தேவைப்படலாம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 360 முதல் 480 கிராம். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு முதல் பதினொரு கப்புக்குச் சமமான உணவு. "சோறு சாப்பிட்டால் குண்டாகிவிடுவேன்" என்று சாலட் மட்டும் சாப்பிடும் பெண் அக்டோபரில் நடக்கத்தான் முடியும். புரதம் கிலோவுக்கு ஒன்றரை கிராம் அளவில், ஒரே வேளையில் அல்லாமல் பிரித்துப் பிரித்து.

முதல் சீசன் முடிந்து வந்தவளைப் பார்த்து உறவினர்கள் "அட, எவ்வளவு அழகா இளைச்சுட்டே!" என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாதபோது உடம்பு முதலில் நிறுத்தும் செலவுகளில் அதுவும் ஒன்று. ஆற்றல் குறைபாடு என்று இதை 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி பெயரிட்டு எச்சரித்தது. எலும்பு மெலிந்து நுண்முறிவு வருவது அடுத்த கட்டம். விளையாடினால் தேதி தள்ளிப்போவது சகஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். அவளிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கோச் ஆணாக இருந்தால் அவள் அவரிடம் சொல்ல மாட்டாள், டிரெய்னரிடமாவது சொல்ல வேண்டும்.

8. வாங்க வேண்டியவை

பல அணிகள் உடையும் பந்தும் தரும். டிவிஷன் 3-இல் ஷூவைப் பெரும்பாலும் நீங்களே வாங்க வேண்டியிருக்கும். புல்லுக்கு ஒன்று, டர்ஃபுக்கு ஒன்று என இரண்டு ஜோடி. 80 முதல் 250 டாலர் வரை இருக்கிறது, விலை கூடியது காலுக்குப் பொருந்தும் என்பதில்லை. புது ஷூவை ப்ரீசீசன் முதல் நாள் போடவே கூடாது. ஜூலை முதல் வாரமே வாங்கி 15 மணி நேரமாவது ஆடிப் பழகட்டும். ஷின் கார்டு கட்டாயம். பத்து ஜோடி சாக்ஸ், தூங்கும்போது கண் மறைக்கும் பட்டை, இரண்டு லிட்டர் தண்ணீர்க் குடுவை. இவை போதும்.

9. ப்ரீசீசன் இரண்டு வாரம்

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். எனவே ஜூலை கடைசியில் காலை பத்து மணி வெயிலில் 20 நிமிடத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தனியாக ஓட விடாதீர்கள். நடுப்பகல் வேண்டாம்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்வார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒன்றரை லிட்டர் திரும்பக் குடிக்க வேண்டும், வெறும் தண்ணீராக மட்டுமின்றி உப்பும் சேர்த்து. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது தாகமாக மட்டும் இருக்காது, தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவு. வெயிலில் ஓடியவள் குழப்பமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ பனிக்கட்டித் தண்ணீரில் இறக்குவதுதான் முதல் சிகிச்சை. அந்தத் தொட்டி மைதானத்தில் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முதல் நாட்களில் கணினியில் நினைவாற்றல் சோதனை ஒன்று வைப்பார்கள். பிறகு தலையில் அடிபட்டால் ஒப்பிடுவதற்கான அளவுகோல் அது. வேண்டுமென்றே மோசமாகச் செய்தால் பின்னால் சீக்கிரம் ஆடலாம் என்று மூத்த பெண்கள் யாராவது சொல்லித்தரக்கூடும். கேட்கவே வேண்டாம் என்று இப்போதே சொல்லி அனுப்புங்கள். தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தால் வெளியே எடுத்துச் சோதிப்பார்கள், மூளை அதிர்ச்சி என்றால் அன்றைக்குத் திரும்ப ஆட்டம் கிடையாது. அறிகுறி குறைந்த பிறகு படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது விட்டுத்தான் ஏற்றுவார்கள்.

ஃபிட்னஸ் டெஸ்டில் தேறாவிட்டால் உலகம் முடிந்துவிடாது. பல அணிகளில் சில நாள் கழித்து மறுபடி வைப்பார்கள். என் மகள் ஆறு நாள் கழித்து ஓடினாள், தேறினாள். ஆனால் அந்த ஆறு நாளும் மற்றவர்கள் பந்தோடு ஆடியபோது அவள் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தாள், முன்னங்கால் எலும்பு வலி அங்கேதான் தொடங்கியது.

அந்த இரண்டு வாரம் போனில் அழுவாள். முதல் கேள்வியாக "எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள். "இங்கே, இந்த ஒரு புள்ளியில, விரலால் அமுக்கினா" என்று பதில் வந்தால் மறுநாள் காலை டிரெய்னரிடம் போகச் சொல்லுங்கள். தொடை முழுக்க, இரண்டு காலிலும் என்றால் அது உழைத்த வலி. தூங்கச் சொல்லுங்கள், எட்டிலிருந்து ஒன்பது மணி நேரம்.

10. சீசன் முடிந்த பிறகு

நவம்பரில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு மூன்று வாரம் முழு ஓய்வு கொடுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் ஃபெரிட்டினை மறுபடி பாருங்கள். பல், கண் மருத்துவரையும் அப்போதே முடித்துவிடுங்கள், மறுபடி நேரம் கிடைக்காது. கணுக்காலோ முட்டியோ மிச்ச வலி இருந்தால், டிரெய்னரிடம் ரெஃபரல் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அவள் விடுதியை விட்டுக் கிளம்பும் முன்பே. ஜனவரியில் எடைப் பயிற்சி தொடங்கும், வசந்த காலத்தில் சில நட்பு ஆட்டங்கள் இருக்கும். மே வந்ததும் படிவங்களுக்கான அந்த இணைப்பு மறுபடி வரும். இன்ஷூரன்ஸ் அட்டை மாறியிருந்தால் அதை முதலில் ஏற்றுங்கள்.